துருப்புச்சீட்டு சொல்லும் வரலாறு

(பழைய சீட்டுக் கட்டுகளைச் சேர்த்து ஒப்பிடுவது பற்றி, தெலுக் பங்லிமா காராங்கில் நடந்த தொலைக்காட்சி மன்ற நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் பிறந்து வளர்ந்த ஊரிலேயே மேடையேறிப் பேசுவதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இன்று நான் தொடங்கப் போவது ஒரு மன்னிப்போடுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் காலை நிகழ்ச்சி ஒன்றில் டாரோட் சீட்டுகளைப் பற்றி ஒரு சிறிய அங்கம் செய்தேன். "ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்திய பூசாரிகள் உருவாக்கியது" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னேன். எழுதிக் கொடுத்ததைப் படித்தேன், அவ்வளவுதான். நிகழ்ச்சி முடிந்ததும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏம்மா, எகிப்துன்னு சொன்னியே, அத மொதல்ல சொன்னவன் யாரு? எந்த வருசம் சொன்னான்? எதப் பாத்து சொன்னான்?"

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "தேடிப் பார்த்துச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டேன். அந்தத் தேடல்தான் என்னைச் சீட்டு சேர்க்கிறவளாக மாற்றியது. ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். சோதிடம் பலிக்குமா, பலிக்காதா என்ற வழக்கு இன்று இங்கே இல்லை. நான் பேச வந்தது சீட்டின் வரலாற்றை மட்டுமே.

முதலில் அது விளையாட்டு

டாரோட் கட்டில் 78 சீட்டுகள். அவற்றில் 56 நமக்குத் தெரிந்த சீட்டுக்கட்டைப் போன்றவை. கிண்ணம், காசு, வாள், கோல் என்று நான்கு இனங்கள். மீதி 22 தனிப்படங்கள். முட்டாள், பேரரசி, தேர், சாவு, நிலவு, சூரியன் என்று அந்த வரிசை போகும்.

இந்தச் சீட்டுகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று 1440-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஒருவர் தம் நாட்குறிப்பில், ஒரு பிரபுவுக்காகச் சீட்டுக் கட்டு செய்யச் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார். 1442-இல் ஃபெராரா அரண்மனைக் கணக்கிலும் சீட்டு வருகிறது. அப்போது அதன் பெயர் டாரோட் இல்லை, 'திரியோன்ஃபி'. வெற்றி ஊர்வலம் என்று பொருள். மற்ற எல்லாச் சீட்டையும் வெல்லும் சீட்டு என்பதால் அந்தப் பெயர்.

இந்தச் சொல்லை நாம் இன்றைக்கும் பேசுகிறோம் என்றால் நம்புவீர்களா? திரியோன்ஃபியின் வழி வந்ததுதான் ஆங்கிலத்தில் 'டிரம்ப்', போர்த்துகீசியத்தில் 'துருன்ஃபு', டச்சு மொழியில் 'துரூஃப்'. இவர்களில் எவர் கப்பலில் வந்து இறங்கியதோ, தமிழில் அது துருப்புச்சீட்டு ஆனது. மலாய்க்காரர்கள் சீட்டுக்கட்டை 'டாவுன் தெரூப்' என்கிறார்களே, அந்தத் தெரூப்பும் இந்தக் குடும்பம்தான். தேர்தல் நேரத்தில் நம் பத்திரிகைகள் "இதுவே அவருடைய துருப்புச்சீட்டு" என்று எழுதும்போதெல்லாம், தெரியாமலேயே டாரோட்டின் பழைய பெயரைச் சொல்லிக் கொண்டிருக்கிறோம். நம் பாட்டன்மார் சொன்ன 'கலாவரை'யும் 'ரூவிதனு'ம் டச்சுக்காரன் சொன்ன கிளாவரும் ரௌதனும்தான். சீட்டு போன வழியில் சொல்லும் போயிருக்கிறது.

எகிப்து வந்த கதை

ஆசிரியர் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தது. முதலில் சொன்னவர் அந்துவான் கூர் து ஜெபெலான் என்ற பிரெஞ்சுக்காரர். சொன்ன ஆண்டு 1781. எதைப் பார்த்துச் சொன்னார்? பாரிசில் சிலர் ஆடிக்கொண்டிருந்த சாதாரண டாரோட் கட்டைப் பார்த்து. எகிப்தின் ஞான நூல் இந்தப் படங்களில் ஒளிந்திருக்கிறது என்று எழுதினார். ரோசெட்டா கல் கண்டெடுக்கப்பட்டதே 1799-இல்தான். ஷம்போலியோன் எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டியது 1822-இல். ஆக, எகிப்திய எழுத்தை எவராலும் படிக்க முடியாத காலத்தில் எகிப்திய ஞானம் என்று ஒருவர் எழுதினார். அதை 200 ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் பின் ஒருவராகப் படித்தோம். கடைசியில் நானும் தொலைக்காட்சியில் படித்தேன்.

பின்னர் 1789-இல் எத்தெய்யா என்பவர் குறி சொல்வதற்கென்றே வரைந்த முதல் கட்டை வெளியிட்டார். அதற்கு முன் 300 ஆண்டுகளுக்கு மேலாக டாரோட் பெரும்பாலும் விளையாட்டுச் சீட்டாகவே இருந்தது. இதைச் சான்றுகளோடு நிறுவியவர் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட். 1980-இல் அவர் எழுதிய பெரிய நூலுக்குப் பின்தான் இந்தத் துறை கதையிலிருந்து வரலாற்றுக்கு வந்தது. இதே டம்மெட் இங்கிலாந்தில் நிறவெறிக்கு எதிராகக் களத்தில் நின்றவர் என்பதும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

எந்தெந்தக் கட்டுகளைச் சேர்ப்பது?

நிகழ்ச்சிக்குப் பிறகு இளைஞர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. கடையில் நூற்றுக்கணக்கான கட்டுகள் இருக்கின்றன. பூனை டாரோட், தேவதை டாரோட் என்று அலமாரியை நிரப்பலாம். ஆனால் படித்து ஒப்பிட வேண்டுமென்றால் ஐந்தாறு கட்டுகளே போதும். அசல் கட்டு நம் சம்பளத்துக்கு நடக்காத காரியம். நல்ல நகல் பதிப்புகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு கட்டும் பக்கத்தில் இருக்கும் கட்டிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலாவது, விஸ்கோன்டி ஸ்ஃபோர்சா கட்டு. 1450-களில் மிலான் பிரபு குடும்பத்துக்காகத் தங்கத் தகடு ஒட்டிக் கையால் வரையப்பட்டது. அதில் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. 35 நியூயார்க் மார்கன் நூலகத்தில், 26 இத்தாலியின் பெர்காமோ அருங்காட்சியகத்தில், 13 ஒரு பிரபு குடும்பத்திடம். படங்களில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. உற்றுப் பார்த்தால் ஆறு படங்களை வேறொரு கை வரைந்திருப்பது தெரியும். ஒரே கட்டுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பழகலாம்.

இரண்டாவது, 1650-ஐ ஒட்டிப் பாரிசில் ஜான் நோப்லே அச்சிட்ட கட்டு. மூன்றாவது, 1760-இல் மார்செய் நகரில் நிக்கோலா கோன்வேர் வெளியிட்ட கட்டு. இரண்டும் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டு வண்ணம் தீட்டியவை. இரண்டையும் மேசையில் அருகருகே வையுங்கள். படங்கள் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் 13-ஆவது சீட்டைப் பாருங்கள். நோப்லே கட்டில் 'சாவு' என்று பெயர் அச்சாகியிருக்கிறது. கோன்வேர் கட்டில் எண் மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. வீட்டில் அந்தச் சொல்லை உச்சரிக்கக்கூடாது என்று நம் பாட்டி சொல்வாரே, அதே அச்சம் அங்கேயும் இருந்ததோ என்று தோன்றுகிறது. இப்படி ஒரு கேள்வி பிறந்தாலே இரண்டு கட்டுக்கும் கொடுத்த காசு தகும்.

நான்காவதும் ஐந்தாவதும் ஜோடியாக வாங்க வேண்டியவை. ஒன்று 1490-ஐ ஒட்டி இத்தாலியில் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட சோலா புஸ்கா கட்டு. 78 சீட்டும் குறையாமல் பிழைத்த அபூர்வக் கட்டு. 2009-இல் இத்தாலிய அரசு அதை வாங்கி மிலானின் பிரேரா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. மற்றொன்று 1909-இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. இன்று உலகெங்கும் பரவியிருப்பது இந்தக் கட்டுதான்.

இரண்டிலும் வாள் மூன்றை எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரு இதயம், அதைத் துளைக்கும் மூன்று வாள்கள். நானூறு ஆண்டு இடைவெளியில் ஒரே படம்! மாயமா? இல்லை. 1907-இல் சோலா புஸ்கா சீட்டுகளின் புகைப்படங்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. இரண்டு ஆண்டுகளில் லண்டன் ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் புதிய கட்டை வரைந்து முடித்தார். அவர் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறார் என்பதற்கு வாள் மூன்றைவிட வேறு சாட்சி எதற்கு?

அந்தப் பெண்மணியைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டின் பெயரில் பதிப்பாளர் ரைடர் இருந்தார், திட்டமிட்ட வெய்ட் இருந்தார். 78 படங்களையும் வரைந்தவர் பெயர் பல பத்தாண்டுகள் இல்லை. சீட்டின் மூலையில் அவர் போட்டுக்கொண்ட சிறிய கையெழுத்துக் குறி மட்டும் இருந்தது. பெரிய வேலை, சொற்பக் கூலி என்று அவரே நண்பருக்கு எழுதியிருக்கிறார். 1951-இல் ஏழையாகவே இறந்தார். இன்றுதான் ரைடர், வெய்ட், ஸ்மித் என்று மூவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம்.

பெட்டியில் உள்ள தேதியை நம்பலாமா?

சேர்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். விஸ்கோன்டி கட்டில் நான்கு சீட்டுகள் இல்லை என்றேன். சாத்தான், கோபுரம், வாள் மூன்று, காசு வீரன். ஆனால் நீங்கள் வாங்கும் நகல் கட்டில் 78-ம் இருக்கும். எப்படி? நம் காலத்து ஓவியர் ஒருவர் வரைந்து நிரப்பியிருப்பார். அது தெரியாமல் "15-ஆம் நூற்றாண்டுச் சாத்தான் இப்படி இருந்தான்" என்று கட்டுரை எழுதியவர்கள் உண்டு. நோப்லே கட்டிலும் வாள் ஆறு முதல் பத்து வரை ஐந்து சீட்டுகள் தொலைந்து போனவை. ஆகவே, எது அசல், எது பின்னால் சேர்த்தது என்று சொல்லும் குறிப்பேடு இல்லாத நகலை வாங்காதீர்கள்.

வண்ணமும் ஏமாற்றும். 1930-இல் பாரிசின் கிரிமோ நிறுவனம் வெளியிட்ட மார்செய் கட்டைப் பலர் மிகப் பழையது என்று நினைக்கிறார்கள். அதன் பளிச்சென்ற சிவப்பும் நீலமும் இயந்திர அச்சுக் காலத்தவை. "நீல வண்ணத்தின் ரகசியப் பொருள்" என்று ஒரு புத்தகம் சொன்னால், எந்த ஆண்டு நீலம் என்று கேளுங்கள்.

பெரிய நூலகங்களே தவறியிருக்கின்றன. பிரான்ஸ் தேசிய நூலகத்தில் உள்ள 17 சீட்டுகளை, 1392-இல் ஆறாம் சார்லஸ் மன்னனுக்காகச் செய்தவை என்று நெடுங்காலம் நம்பினார்கள். மன்னனின் கணக்கேட்டில் சீட்டு வாங்கிய செலவு இருந்தது. நூலகத்தில் சீட்டு இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு விட்டார்கள். பிறகுதான் அவை 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வரைந்தவை என்று தெரிந்தது. ஆனாலும் 'ஆறாம் சார்லஸ் கட்டு' என்ற பெயர் இன்னும் போகவில்லை. ஒரு முறை தப்பாக ஒட்டிய பெயர்ச்சீட்டு, கோந்து காய்ந்தாலும் உதிராது.

பாதி எகிப்து

இவ்வளவையும் படித்த பிறகு ஒரு திருப்பம் காத்திருந்தது. 22 தனிப்படங்கள் இத்தாலியில் பிறந்தவை. சரி. மீதி 56-இன் நான்கு இனங்கள் எங்கிருந்து வந்தன?

இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் ஒரு பழைய சீட்டுக்கட்டை 1930-களில் அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். மம்லூக் சுல்தான்கள் காலத்துக் கட்டு. அதில் நான்கு இனங்கள்: கிண்ணம், காசு, வாள், போலோ மட்டை. ஐரோப்பாவில் சீட்டுகள் தோன்றிய 1370-களில் அங்கே போலோ ஆட்டம் எவருக்கும் தெரியாது. மட்டை என்னவென்று புரியாமல் அதை வெறும் கோலாக வரைந்துவிட்டார்கள். டாரோட் கட்டில் இருக்கும் கோல் அதுதான். மம்லூக் சுல்தான்கள் எங்கிருந்து ஆண்டார்கள்? எகிப்தின் கெய்ரோவிலிருந்து!

உடனே ஆசிரியரை அழைத்தேன். "சார், பார்வோன் எகிப்து இல்ல. சுல்தான் எகிப்து. அதுவும் 56 சீட்டுக்கு மட்டும்."

"அப்ப பாதி மார்க்கு போடலாம்" என்று சிரித்தார்.

அந்த மம்லூக் சீட்டு ஒன்றில் அரபு எழுத்தில் 'கஞ்ஜிஃபா' என்ற சொல் இருக்கிறது. இந்தச் சொல்தான் இந்தியாவுக்கும் போனது. பாபர் 1527-இல் சிந்து நாட்டு ஷா ஹசனுக்குக் கஞ்ஜிஃபா அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அக்பர் அவையின் சீட்டுகளை அபுல் ஃபசல் விவரிக்கிறார். முகலாயக் கட்டில் 96 வட்டச் சீட்டுகள். அதே ஆட்டம் கோயில் ஊர்களுக்குப் போனபோது தசாவதாரக் கட்டாகி 120 சீட்டானது. மச்சம், கூர்மம், வராகம் என்று பத்து இனங்கள். இனத்துக்கு 12 சீட்டு. மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் முந்நூறுக்கும் மேற்பட்ட சீட்டுகள் கொண்ட கட்டுகளையே வகுத்துக் கொடுத்தார். நான் சொன்ன ஐந்து கட்டுகளுக்கு அடுத்து ஆறாவதாக ஒரு தசாவதாரக் கட்டை வையுங்கள். ஒரே வேரின் இரண்டு கிளைகள் உங்கள் மேசையில் இருக்கும்.

மகாராஷ்டிராவின் சாவந்த்வாடியில் இந்தக் கலை அறுந்து போகும் நிலைக்கு வந்தது. 1970-களில் அவ்வூர் அரச குடும்பத்தார் எஞ்சியிருந்த ஒரு முதிய கலைஞரைத் தேடிப் பிடித்து, அவரிடம் கற்றுக்கொண்டு மீட்டார்கள். இன்று அங்கே கட்டுகள் செய்கிறார்கள், விற்கிறார்கள். கேட்க வேண்டிய நேரத்தில் ஒருவர் கேட்டதால் பிழைத்த கலை அது.

கேட்காமல் விட்டது

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். மலேசியாவில் சீட்டு வரலாறு இல்லையா? பாபா நோன்யா குடும்பங்களின் 'செக்கி' சீட்டு இருக்கிறது. சீனக் காசுச் சீட்டின் வழியில் வந்தது. 30 படங்கள், படத்துக்கு இரண்டாக 60 சீட்டுகள். அதைச் சேர்க்கிறவர்கள் உண்டு, அருங்காட்சியகங்களில் வைக்கிறார்கள்.

நம்மிடம் இருந்தது கிளிச் சீட்டு.

நான் சிறுமியாக இருந்தபோது, திருவிழா நாள்களில் கோயில் வாசலில் ஒரு கிளி சோதிடர் உட்காருவார். செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் அம்மாமார்கள் சுற்றி நிற்பார்கள். கிளி கூண்டைவிட்டு நடந்து வந்து ஒவ்வொன்றாகத் தள்ளி ஒரு சீட்டை எடுக்கும். சோதிடர் மடிப்பைப் பிரிப்பார். முருகன் இருக்கும், மாரியம்மன் இருக்கும், மேரி மாதாவும் புத்தரும்கூட இருப்பார்கள். கிளிச் சீட்டுக் கட்டில் பொதுவாக 27 படங்கள், நட்சத்திரக் கணக்கு என்பார்கள். எங்கள் ஊர்க் கட்டில் எத்தனை இருந்தன? நான் எண்ணவில்லை.

அவர் இறந்து சில காலத்துக்குப் பின் அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "நீ படிச்ச புள்ள, டிவியில எல்லாம் வர்ற. இந்தச் சீட்டு உனக்கு வேணுமாம்மா?" அப்போது எனக்கு அது மூடநம்பிக்கை. தொலைக்காட்சியில் இருப்பவள் கையில் கிளிச் சீட்டா என்ற வெட்கமும் இருந்தது. "வேணாம் அத்தை" என்றேன். பழைய சாமிப் படங்களைக் குப்பையில் போடக்கூடாது என்று, அந்தக் கட்டை மோரிப் கடலில் விட்டுவிட்டார்கள்.

இன்று இத்தாலியக் கட்டின் நகலைத் தபாலில் வரவழைத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். ஆனால் என் கண் முன்னால் இருந்த கட்டை இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அந்த முருகன் ரவிவர்மா அச்சகத்து மரபில் வந்த முகமா, கோவில்பட்டி கொண்டையராஜு பாணியில் வந்த நாள்காட்டி முகமா? ரவிவர்மா அச்சகம் 1894-இல் தொடங்கியது; கொண்டையராஜு 1898 முதல் 1976 வரை வாழ்ந்தவர். இந்த ஒரு விவரம் தெரிந்தாலே கட்டின் வயதைக் கணித்திருக்கலாம். சிவகாசியில் அச்சிட்டதா, இங்கேயே வெட்டி ஒட்டியதா? கப்பலில் யார் கொண்டு வந்தார்? அந்த மூன்று கேள்விகளும் இப்போது என்னிடமே திரும்பி வருகின்றன. பதில் சொல்ல ஆளில்லை.

2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் மணி என்ற கிளி உலகப் புகழ் பெற்றது நினைவிருக்கலாம். இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது, ஸ்பெயின் வென்றது. கிளியின் பெயர் நமக்குத் தெரியும். நம் கிளிச் சீட்டுகளை வரைந்த ஓர் ஓவியரின் பெயராவது நமக்குத் தெரியுமா? பமீலாவுக்கு மூலையில் ஒரு குறியாவது இருந்தது.

நாம் செய்யக்கூடியது

பெரிய செலவில்லை. கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்சிலோ பந்திங்கிலோ, உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய சீட்டுக் கட்டு இருந்தால் வெளியே எடுங்கள். கிளிச் சீட்டு என்றில்லை. தாத்தா ஆடிய கட்டாக இருந்தாலும் சரி. முதலில் எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுங்கள். படத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சக முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். தேதியைச் சொல்வது பல நேரங்களில் அதுதான். பாதுகாக்கிறேன் என்று பிளாஸ்டிக் உறை போட்டுச் சூடேற்றி ஒட்டிவிடாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. நம் நாட்டு ஈரக் காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். யார் வாங்கியது, எப்போது, எங்கே என்று ஒரு தாளில் எழுதி அந்த டப்பாவுக்குள்ளேயே வையுங்கள். மார்கன் நூலகத்துச் சீட்டுகளுக்கு இருப்பது போன்ற ஒரு வரலாறு நம் சீட்டுக்கும் கிடைக்க, அந்த ஒரு தாள் போதும்.

கடவுள் படத்தைக் கடலில் விட்ட அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மரியாதையோடுதான் அனுப்பி வைத்தார். அதை வேண்டாம் என்று சொன்னவள் நான். உங்களில் யாரிடமாவது யாராவது வந்து "இது உனக்கு வேணுமா?" என்று கேட்டால், தயவுசெய்து "வேணும்" என்று சொல்லுங்கள்.